மூலிகை பாதி, பக்குவம் பாதி

நலங்கு மாவுக்குச் சாமான் வாங்க நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். பாசிப்பயறு, கிச்சிலிக்கிழங்கு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ என்று பட்டியலைப் படித்தபடியே எடுத்து வைத்துக்கொண்டு வந்த கடைக்காரர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"கார்போகரிசி எழுதியிருக்கீங்களேம்மா. மாவு யாருக்கு?"

"வீட்ல எல்லாருக்கும்தான் அண்ணாச்சி. அக்கா மகளுக்கு ஆறு மாசம் ஆகுது, அவளுக்கும் சேர்த்து."

"பிள்ளைக்குன்னா அது வேண்டாம். பெரியவங்களுக்குத் தனியா அரைச்சுக்கிடுங்க. தேய்ச்சா உடனே கழுவிரணும். பூசிக்கிட்டு வெயில்ல நின்னுறக் கூடாது."

ஏன் என்று கேட்டேன். "எங்கப்பா சொல்லுவாரு, அது வெயிலக் கூப்பிடுற சரக்குன்னு" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. அடுத்த ஆள் பரங்கிப்பட்டை கேட்டு நின்றதால் பேச்சு அத்தோடு முடிந்தது.

அவர் அப்பா சொன்னது அச்சு அசல் உண்மை. கார்போகரிசி கருப்பாய், சற்றே தட்டையாய், பச்சைப்பயறைவிடச் சின்னதாய் இருக்கும் ஒரு விதை. கசக்கினால் மூக்கைத் துளைக்கும் வாசனை. வெண்புள்ளிக்குக் காலங்காலமாகத் தரப்படும் மருந்து இது. (வெண்குஷ்டம் என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடலாம், குஷ்டத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) விதையில் சோராலன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. செடியின் தாவரவியல் பெயரான சோராலியா என்பதிலிருந்துதான் அந்தப் பொருளுக்கே பெயர் வந்தது. தோலில் சும்மா கிடக்கும்வரை சோராலன் சாதுதான். வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் அதன்மேல் பட்டால் அது தோல் செல்லின் டிஎன்ஏவோடு போய்ப் பிணைந்துகொள்ளும். அளவோடு நடந்தால் நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு வெண்புள்ளியில் நிறம் திரும்பும். அளவு மீறினால் இரண்டு மூன்று நாளில் தோல் சிவந்து கொப்புளிக்கும். கொப்புளம் ஆறிய பிறகு அந்த இடம் மாதக்கணக்கில் கருத்துக் கிடக்கும்.

எகிப்திலும் இதே கதை வேறொரு செடியில் நடந்தது. நைல் கரையில் வளரும் அம்மி மேஜஸ் செடியின் விதையிலிருந்து எடுத்த சோராலன் வகைப் பொருளை 1940களின் கடைசியில் அங்கே வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1974இல் அமெரிக்க மருத்துவர்கள் சோராலன் மாத்திரையோடு புற ஊதா ஏ கதிரைச் சேர்த்து, தோல் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸுக்குச் சிகிச்சை செய்து, அதற்குப் புவா என்று பெயர் வைத்தார்கள். இன்றும் பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இந்தச் சிகிச்சை உண்டு. மருந்தின் அளவு, கதிரின் அளவு, எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றையும் அளந்துதான் கொடுப்பார்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் உண்டு. இதையெல்லாம் யோசித்தால், கார்போகரிசி கலந்த மாவைக் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டு, காயட்டும் என்று மொட்டை மாடியில் போய் உட்காருவது, அளவு தெரியாத புவா சிகிச்சையை நமக்கு நாமே செய்துகொள்வது மாதிரிதான்.

விதையில் இன்னொரு சரக்கும் இருக்கிறது. பகுச்சியால். வடமொழியில் இந்தச் செடிக்கு பாகுசி என்று பெயர். அதை ஒட்டி வைத்தது. 1960களில் இந்தியாவில் பிரித்தெடுக்கப்பட்ட இந்தப் பொருள்தான் இப்போது குட்டிப் புட்டியில் அடைத்து ஆயிரங்களில் விற்கும் "ரெட்டினாலுக்கு மாற்று" சீரம். (ரெட்டினால் என்பது முகச் சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகை.) வெறும் விளம்பரம் என்று தள்ளிவிடவும் முடியாது. 44 பேரிடம் 12 வாரம் நடத்திய ஓர் ஒப்பீட்டில், அரை விழுக்காடு பகுச்சியாலும் அரை விழுக்காடு ரெட்டினாலும் முகச் சுருக்கத்தையும் கருமையையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைத்தன; தோல் உரிவதும் எரிவதும் ரெட்டினால் பூசியவர்களுக்குத்தான் அதிகம். இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, "அந்தச் சீரம் எதற்கு, நம்ம கார்போகரிசியை அரைத்துப் பூசினால் போதாதா" என்று ஒருவர் காணொளி போடுகிறார். போதாது. சீரத்துக்காக எடுக்கும் பகுச்சியாலில் சோராலனைப் பிரித்து நீக்கிவிடுகிறார்கள். வீட்டு அம்மியால் அதைச் செய்ய முடியாது. விதை ஒன்றுதான். ஒரு பக்குவத்தில் வெண்புள்ளி மருந்து, இன்னொரு பக்குவத்தில் சுருக்கத்துக்குச் சீரம், பக்குவம் தப்பினால் கொப்புளம்.

நம் வீட்டுத் தோல் பராமரிப்பு முழுவதையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம் என்று நினைக்கிறேன். எந்த மூலிகை என்பதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்தப் பாகம், எதில் குழைப்பது, எவ்வளவு நேரம், வெயிலா நிழலா, கழுவுவதா விடுவதா என்பதெல்லாம் ஒரு நிமிடக் காணொளியில் அடிபட்டுப் போகிறது.

நலங்கு மாவையே எடுத்துக்கொள்வோம். அது குளியல் மாவு, பூச்சு அல்ல. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது, பிஎச் கணக்கில் ஐந்தை ஒட்டி இருக்கும். கட்டிச் சோப்பு ஒன்பது, பத்து, அதாவது காரம். சோப்புப் போட்டுக் குளித்ததும் தோல் வெடவெடவென்று இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பயற்றமாவிலுள்ள மாவுச்சத்தும் புரதமும் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு, தண்ணீர் ஊற்றியதும் கையோடு வந்துவிடும். சோப்பு அளவுக்கு அழுக்கை எடுக்காது. எடுக்காததுதான் அதன் நல்ல குணமும். கிழங்குகளும் வேர்களும் பெரும்பாலும் வாசனைக்கு. தோலைத் தொட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் சாக்கடைக்குப் போகிற மாவு, தோலுக்குள் இறங்கிப் பெரிய வைத்தியம் எதையும் செய்துவிடப் போவதில்லை. அதே காரணத்தால் பெரிய கெடுதலும் செய்வதில்லை. கார்போகரிசி சேர்த்த மாவைத் தேய்த்துக் குளித்த நம் பாட்டிமார்கள் கொப்புளமில்லாமல் வாழ்ந்ததும் அதனால்தான்.

மாவு அரைப்பதிலும் ஒரு படி இருந்தது. சித்த மருத்துவத்தில் வஸ்திரகாயம் என்பார்கள்: பொடியை மெல்லிய துணியில் சலிப்பது. இப்போது மிக்சியில் இரண்டு சுற்று சுற்றி, பிளாஸ்டிக் சல்லடையில் தட்டி முடித்துவிடுகிறோம். அந்த நறநறப்பு முகத்தைச் சிராய்க்கும். பருவின் மேல் தேய்த்தால் கேட்கவே வேண்டாம். குழைத்த மாவை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைத்துக்கொள்வது இன்னொரு புதுப் பழக்கம். ஈரப் பயற்றமாவு கிருமிக்கு விருந்து. ஒரு வேளைக்குத் தேவையானதைக் குழைத்தால் போதும். கரப்பான் (எக்சிமா) உள்ள குழந்தைகளுக்கு மாவே வேண்டாம். ஏற்கெனவே வறண்டு வெடித்த தோலில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் அது உறிஞ்சிவிடும்.

கரப்பானுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. இதைப் பாட்டி சொன்னது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளுக்கு எட்டு வாரம் பூசிப் பார்த்தார்கள்; பாரஃபின் வகை எண்ணெய் பூசியவர்களைவிட, காய்ச்சாத தேங்காய் எண்ணெய் பூசியவர்களுக்கு நமைச்சலும் வறட்சியும் நன்றாகவே குறைந்தன. ஆனால் அதே எண்ணெயைத் தேமலுக்குப் பூசினால் பாம்புக்குப் பால் வார்த்த கதை. தேமலை உண்டாக்கும் மலாசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. ஆய்வகத்தில் அதை வளர்க்க வேண்டுமென்றால் ஆலிவ் எண்ணெய் ஊற்றித்தான் வளர்க்கிறார்கள். பொடுகுத் தலையில் எண்ணெய் தேய்த்து ஊறவைப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

மஞ்சளுக்கு வருவோம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததும் ரத்தச் சிவப்பாக மாறுகிறதே, அது மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்ற நிறப்பொருள் செய்யும் வேலை. காரம் பட்டால் அதன் நிறம் மாறிவிடும். மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டால் சிவப்பதும், அதே வேட்டியை வெயிலில் விரித்தால் கறை வெளுப்பதும் எல்லா வீட்டிலும் பார்த்ததுதான். இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்: குர்க்குமின் வெயிலில் சிதைந்துவிடும். தண்ணீரில் கரையவும் கரையாது. மஞ்சளில் அது இருப்பதும் பொதுவாக 2 முதல் 5 விழுக்காடுதான். தண்ணீரில் குழைத்த மஞ்சளை முகத்தில் பூசி வெயிலில் நடந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் நிறம்தான்.

மஞ்சளின் பெருமை பேசும்போதெல்லாம் அமெரிக்கக் காப்புரிமைக் கதையை இழுப்பார்கள். 1995இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளைக் கொண்டு புண் ஆற்றுவதற்கான காப்புரிமை கிடைத்தது. நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர், ரகுநாத் மஷேல்கர் தலைமையில், பழைய நூல்களையும் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் சான்றாகக் காட்டி வழக்காடியது. 1997இல் காப்புரிமை தள்ளுபடியானது. பெருமைப்பட வேண்டிய வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வழக்கு நிறுவியது, மஞ்சளைப் புண்ணுக்குப் போடுவது புதுக் கண்டுபிடிப்பு அல்ல என்பதை. மஞ்சள் புண்ணை ஆற்றுமா என்பது அங்கே கேள்வியே இல்லை. காப்புரிமை வழக்கின் தீர்ப்பை மருத்துவச் சான்றிதழாகக் காட்டுவது நம்மிடம் ஊறிப்போன குழப்பம். குர்க்குமின் பற்றி வந்த ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்த மருந்து வேதியியலாளர்கள், ஆய்வகத்தில் அது காட்டும் வித்தைகளில் பல, சோதனை முறையையே ஏமாற்றும் அதன் குணத்தால் வருபவை என்று எழுதினார்கள்.

மஞ்சளை மட்டந்தட்ட இதைச் சொல்லவில்லை. வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துச் சிரங்குக்குப் பூசிய 814 பேரில் 97 விழுக்காட்டினருக்கு 3 முதல் 15 நாளில் குணம் தெரிந்தது என்று 1992இல் ஒரு முன்னோட்ட ஆய்வு வெளியானது. அங்கே மஞ்சள் தனியாக இல்லை, தண்ணீரில் இல்லை, வேப்பிலை விழுதோடு உடம்பு முழுக்கப் பூசப்பட்டது. சிரங்குப் பூச்சி வீட்டில் ஒருவரிடம் மட்டும் இருக்காது என்பதால், எதைப் பூசினாலும் வீட்டார் அத்தனை பேரும் ஒரே நாளில் பூசி, துணிமணியை வெந்நீரில் அலசினால்தான் ஒழியும்.

பூசுவதற்கென்று வாங்கும் கஸ்தூரி மஞ்சளில் வேறொரு தொல்லை. உண்மையான கஸ்தூரி மஞ்சள் உள்ளே வெளிறிய பால்நிறம். கர்ப்பூர வாசனை வீசும். தோலில் கறை விடாது. பெண்கள் அதைத் தேடியதே கறை விடாததால்தான். கடையில் அந்தப் பெயரில் அடர்மஞ்சளாக ஒரு பொடி தந்தால் அது வேறு ஏதோ. கேரளச் சந்தையில் பூலாங்கிழங்கு இனத்துக் கிழங்குகளே பெரும்பாலும் கஸ்தூரி மஞ்சள் பெயரில் போகின்றன. சமையல் மஞ்சளிலோ பளபளப்புக்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம் ஏற்றும் பழக்கம் இருந்திருக்கிறது; வங்கதேசத்தில் அது மக்களின் ரத்தத்தில் ஈயமாகச் சேர்வதை 2019இல் கண்டுபிடித்த பிறகு அரசு இறங்கிக் கெடுபிடி செய்தது. கிழங்காக வாங்கி நாமே அரைத்தாலும் மேலே பூசிய சாயம் கூடவே வரும். வழக்கத்தை மீறிப் பளிச்சென்று இருக்கும் மஞ்சளை ஒதுக்குவது நல்லது.

பக்குவமே மருந்தாக நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வெட்பாலைத் தைலத்தைப் பார்க்க வேண்டும். இலையைக் கிள்ளினால் பால் வடியும். கிள்ளிய இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் வெயிலில் வைப்பார்கள். முதல் நாள் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கும். பிறகு ஓரம் லேசாக ஊதா காட்டும். நாள் ஏற ஏற நாவல் பழச்சாறு மாதிரி ஆகிவிடும். பச்சை இலையும் வெள்ளை எண்ணெயும் சேர்ந்து ஊதா எங்கிருந்து வந்தது? வெட்பாலை ஒரு சாயச் செடி. அவுரியைப் போல இதன் இலையிலும் நீலச் சாயம் எடுத்திருக்கிறார்கள். தாவரவியல் பெயரின் இரண்டாம் பாதியான டிங்க்டோரியா என்பதற்கே சாயத்துக்கு உதவுவது என்றுதான் பொருள். நீல நிற இண்டிகோவும் சிவப்பு நிற இண்டிருபினும் சேர்ந்து ஊதா.

காளாஞ்சகப்படை என்று சித்த மருத்துவம் சொல்லும் சொரியாசிஸுக்குத்தான் இந்தத் தைலம். சாதாரணத் தோலில் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் அது சில நாட்களில் நடந்து, செல்கள் செதில் செதிலாகக் குவியும். தைவானில் இண்டிகோ இலையிலிருந்து எடுக்கும் சீன மருந்தைக் களிம்பாக்கி 42 பேருக்கு 12 வாரம் பூசி, 2008இல் நல்ல பலன் கண்டார்கள். அங்கேயும் வேலை செய்வதாகக் கருதப்படுவது இண்டிருபின், செல்களின் அந்த அவசரத்தைத் தணிக்கும் பொருள். வெட்பாலையும் சீன மருந்தும் ஒன்றல்ல. ஆனாலும் கடலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே நோய்க்கு ஒரே சாயத்தில் கைவைத்திருப்பது என்னை வியக்க வைக்கும் விஷயம். தைலம் பூசினால் சொரியாசிஸ் அடியோடு போய்விடும் என்று யாரும் நம்ப வேண்டாம், அடங்கும், திரும்பும்.

மூன்றே நாளில் செதில் மறைந்து தோல் வழவழவென்று ஆகிறது என்றால் புட்டியில் மூலிகைக்கு மேல் ஏதோ இருக்கிறது. அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. முகத்தில் பூசும் "மூலிகை சிவப்பழகு" க்ரீம்களிலும் இதே கூத்து. முதல் மாதம் முகம் பளபளக்கும். நிறுத்தினால் எரியும், சிவக்கும், பரு கொட்டும். தோல் மெலிந்து ரத்தக் குழாய் நூல் நூலாகத் தெரியும். மருந்துச் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டுக் களிம்பு விற்பதை மத்திய அரசு 2018இல் கட்டுப்படுத்தியது. பெயர் தெரியாத டப்பாவுக்குள் இருப்பதைக் கட்டுப்படுத்துவது யார்? இந்த க்ரீம்கள் சிலவற்றில் கலக்கும் பாதரசம் அதைவிட மோசம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் கொட்டி, உடம்பு வீங்கி வந்த நோயாளிகளை 2023இல் விசாரித்துக்கொண்டே போன மருத்துவர்கள், பலரும் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் என்று கண்டார்கள். தோலில் பூசியது சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

நிறம் மாற்றும் மூலிகை என்று ஒன்று கிடையாது, விடுங்கள். ஆவாரம்பூவுக்கும் சந்தனத்துக்கும் அந்தப் பழியைச் சுமத்தியது நம் கல்யாணச் சந்தை.

எலுமிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. சாற்றின் பிஎச் இரண்டை ஒட்டியது. தோலோடு ஒப்பிட்டால் பல நூறு மடங்கு அமிலம். அதோடு தோலியில் சோராலன் குடும்பத்துப் பொருட்களும் உண்டு. பழத்தைப் பாதியாக வெட்டி முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவது கார்போகரிசிக்குச் சொன்ன அதே விபத்து. கருமை போக என்று தேய்த்து, கருமையை வாங்கி வருவார்கள்.

கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் எரிச்சல் தரும். நிறுத்திவைத்து அதை வடியவிட்டு, உள்ளே இருக்கும் கற்றாழைச் சோற்றை ஏழு முறை அலசச் சொல்வார்கள். மஞ்சள் போகும்வரை அலச வேண்டும் என்பதுதான் அந்த ஏழு. படர்தாமரைக்குச் சீமை அகத்தி, அதாவது வண்டுகொல்லி இலை, நல்ல மருந்து. பிலிப்பைன்ஸ் அரசே பூஞ்சைக்கென்று ஏற்றுக்கொண்ட செடி. இரண்டு வாரத்தில் வட்டம் சுருங்காவிட்டால் மருத்துவரிடம் போய்விட வேண்டும், இப்போது பரவும் பூஞ்சை, மருந்துகளுக்கே மசியாத வகை.

தோலுக்கு ஆகும் என்பதால் வயிற்றுக்கும் ஆகும் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மலேசியாவில் கைக்குழந்தைகளுக்குச் சளிக்கும் செரிமானத்துக்கும் வேப்பெண்ணெய் புகட்டியதில் வலிப்பும் மயக்கமும் உயிரிழப்பும் நேர்ந்ததை 1981இல் அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சொறிக்குப் பூசும் குப்பைமேனியைக் கஞ்சியில் போட்டுக் குடித்த சிலருக்கு ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் கருத்துப்போனது இலங்கையில் பதிவாகியிருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் அவர்கள். அந்தக் குறை தங்களுக்கு இருப்பது பலருக்கும் தெரியாது. அதே காரணத்தால், அவர்கள் வீட்டில் பிறந்த சிசுவுக்கு உடம்பெல்லாம் மருதாணி பூசுவதும் கூடாது.

புது மாவோ தைலமோ எதுவானாலும் முழங்கையின் உள்மடிப்பில் பட்டாணி அளவு பூசி, இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்கு வரலாம். கடையில் புட்டியாக வாங்கினால் உரிம எண்ணைத் தேடுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்தின் மேலட்டையில் என்னென்ன மூலிகை, அதன் எந்தப் பாகம், எந்த வடிவில், எவ்வளவு என்று எழுத வேண்டும் என்று மருந்து விதி சொல்கிறது. இலையா, விதையா, பொடியா, சாறா என்பது சட்டத்துக்கே முக்கியம்.

அன்றைக்கு அண்ணாச்சி கட்டிக் கொடுத்த பொட்டலங்களில் உரிம எண் எதுவும் இல்லைதான். பத்துப் பதினொன்றையும் ஒரே பையில் போட்டவர், கார்போகரிசியை மட்டும் வெள்ளைத் தாளில் தனியாக மடித்தார். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து மேலே எழுதினார்: "பெரியவங்களுக்கு. வெயில் ஆகாது."